தறிக்கூடத்து மீன்தொட்டி

கல்யாணமாகிப் பட்டுத்தறி ஓடுகிற பிள்ளையார்பாளையத்துக்கு வந்த எனக்கு அந்த வீட்டில் முதலில் கிடைத்தது தபால் உத்தியோகம். அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள்.

"சாப்ட்டானான்னு கேளுமா" என்பார் என் மாமனார். பிள்ளை அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "சாப்புட்றாரு மாமா" என்று நான் சொல்வேன். "நாளைக்கு வர்றதுக்கு நேரமாவும்னு சொல்லிடு" என்பார் என் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்து. நான் இந்தப் பக்கம் திரும்பி, "நாளைக்கு வர நேரமாவுமாம் மாமா" என்பேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாய் வழியாகப் போனால்தான் செய்திக்கு முத்திரை விழும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் ஒரு புடவை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. நடுவில் ஒருவர், கரைப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் உட்கார்ந்து ஊடை நூல் சுற்றிய நாடாவைக் கை மாற்றி வீச வேண்டும். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை போட்டவர். மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்கு உத்தரவு வந்த அன்று, தறியில் பாதிப் புடவை இருக்கும்போதே எழுந்துவிட்டார். மறுநாளே வந்து சேர் என்று கூப்பிட்டார்களாம். மீதிப் புடவையை வெளி ஆளை வைத்து மாமனார் முடித்தார். எந்த இடத்தில் கை மாறியது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை, கட்டியவளுக்கும் தெரிந்திருக்காது. மாமனாருக்குத் தெரியும். "பாதிப் பொடவைல எழுந்துட்டான்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது.

மாமியார் இருந்திருந்தால் இது இத்தனை வருஷம் நீண்டிருக்காது. அந்த அம்மாள் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் கல்யாணத்தைக்கூட என் வீட்டுக்காரரின் அத்தை ஒருத்திதான் பேசி முடித்தாள். முகூர்த்தத்தின்போது, "மாப்ளய மணையில வந்து ஒக்காரச் சொல்லுங்க" என்று தன் சொந்தப் பிள்ளைக்கு நாயனக்காரர் மூலமாகச் சொல்லியனுப்பியவர் என் மாமனார். எங்கள் அம்மா இதைக் கேட்டு அப்போதே பயந்துபோனாள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்குள் மீன் வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் விடியுமுன் ரயிலைப் பிடித்துப் போய் விளக்கு வைத்தபின் வீடு திரும்புகிற மனிதர். ஒரு சனிக்கிழமை வழக்கத்துக்கும் மேலே தாமதமாக வந்தார். ஈரத் துண்டு சுற்றிய கண்ணாடி ஜாடியைப் பிறந்த குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். உள்ளே சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு மீன்கள். நான் எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ தூரம்? கொழம்புக்கே காணாதே" என்றேன்.

"கிரிபென்சிஸ்" என்றார் பெருமையாக. "ஆப்பிரிக்காவுல ஆத்துல இருக்கிற மீனு. மத்த மீனு மாரி முட்டைய வுட்டுட்டுப் போவாது. ஆணும் பொண்ணும் ஜோடி சேந்து, வூடு புடிச்சி, குஞ்சு பொரிச்சி, ரெண்டும் சேந்து வளக்குமாம்."

"பேசிக்குமா?" என்று கேட்டேன். முறைத்தார்.

தொட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, மூலைகளில் தண்ணீர் கசியாமல் மக்குப் பசை அடைத்த கனத்த பெட்டி. பாலாற்று மணலை அலசி அலசிப் பரப்பியிருந்தார். ஆனால் எங்கே வைப்பது? தொட்டிக்குள் காற்று ஊத ஒரு சின்ன மோட்டார் வாங்கியிருந்தார். அதை மாட்ட வீட்டில் பிளக் இருந்த ஒரே இடம் தறிக்கூடம், அதாவது மாமனாரின் ராஜ்யம். மனு என் வழியாகப் போயிற்று.

"வெச்சிக்கச் சொல்லு" என்றார் மாமனார், தறியில் நீட்டியிருந்த பாவு நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு சொட்டுத் தண்ணி பட்டு மேல தெறிச்சுதுன்னா தொட்டியத் தூக்கித் தெருவுல வெச்சிடுவேன்னும் சொல்லு."

அப்படியாக, குழிக்குள் கால் விட்டு நெய்கிற குழித்தறிக்கு நேர் எதிரே, சுவரோரமாக, ஆப்பிரிக்கா வந்து உட்கார்ந்தது.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொட்டிக்குள் போகும். குழாய் நுனியிலிருந்து விடாமல் குமிழி வரும். மோட்டார் பகலும் இரவும் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். பகலில் அது யார் காதிலும் விழாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி, தறிக்குத் தறி சத்தம். விளக்கு வைத்துத் தறிகள் ஓய்ந்த பிறகு பார்த்தால் இது மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். மாமனார் அதற்கு 'அவன் தறி' என்று பெயர் வைத்தார். கரண்ட் போனால் உடனே, "இன்னாமா, அவன் தறி நின்னு பூட்ச்சா?" என்று கேட்பார். குத்தலாகத்தான் கேட்பார். "என் தறிக்குக் கரண்டு வாணாம்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

மீன்கள் வந்து மாதங்கள் ஆயின. அவை சாம்பலாகவே இருந்தன. என் வீட்டுக்காரர் ஒரு கொட்டாங்கச்சியில் வாசல் மாதிரி ஓட்டை போட்டு மணலில் கவிழ்த்து வைத்தார். அதுதான் வீடாம். குடிபோக ஆளில்லை. கொசுப்புழு பிடித்துவந்து போட்டார். தின்றுவிட்டு ஆளுக்கொரு மூலையில் நின்றன. இந்த வீட்டுக்கு ஏற்ற மீன்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

தண்ணீரை மாற்றியது நான்தான். பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்காகும். பருப்பே வேகாத தண்ணீரில் குடும்பம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆடியில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டபோது, ஓட்டுத் தாழ்வாரத்தில் இருந்த மண்பானைகளையெல்லாம் வரிசையாக வைத்து மழைத் தண்ணீர் பிடித்தேன். பாதி சமையலுக்கு. பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றச் சொன்னேன்.

ஆடி முழுதும் அப்படி ஊற்றினோம். ஒரு நாள் காலை வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பெண் மீனின் வயிறு அரக்கு நிறத்தில் சிவந்திருந்தது. முகூர்த்தப் புடவையின் அரக்கு. அதன் மேலே ஒரு பொன் கோடு, ஜரிகை இழுத்த மாதிரி. ஆணுக்கு வால் ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. அந்தப் பெண், வயிற்றை வளைத்து வளைத்துக் காட்டி ஆணின் முன்னால் நடுங்கிக் காண்பித்தது. இந்த ஜாதியில் பெண்தான் பேச்சைத் தொடங்கும் போலிருக்கிறது.

மாமனார் அன்று தறியில் உட்காரத் தாமதமாயிற்று. பாவைச் சரி பார்ப்பதுபோல் குனிந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். "அந்த ஆப்பிரிக்காக்காரி வயித்துல கீற செவப்பு இருக்குதே, எந்தச் சாயக்காரன் கைக்கும் வராதுமா" என்றார். "அவன்கிட்ட சொல்லணும்னு இல்ல. சும்மா சொன்னேன்."

நான் சாயங்காலம் சொன்னேன். என் வீட்டுக்காரர் அன்று இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டார்.

கொட்டாங்கச்சிக்குக் குடி வந்தது. இரண்டும் வாயால் மணலை அள்ளி அள்ளி வெளியே துப்பி வாசலைச் சின்னதாக்கிக்கொண்டன. அப்புறம் பெண் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. ஆண் வாசலில் காவல். அவன் உள்ளே தலையை நீட்டினால் அவள் முட்டி அனுப்பிவிடுவாள். குஞ்சுகள் வரப்போகின்றன என்று என் வீட்டுக்காரர் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். ரயிலில்கூடச் சொல்லியிருப்பார். மறுநாள் காலையில் கொட்டாங்கச்சி காலி. வெளியிலும் ஒன்றும் இல்லை. முதல் ஈடு என்றால் பெற்றவர்களே முட்டையைத் தின்றுவிடுவது உண்டாம். மார்க்கெட்டுக்காரன் இதைப் பின்னால்தான் சொன்னான்.

அன்று என் வீட்டுக்காரர் ரயிலுக்குக் கிளம்பாமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு மீனுக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது. அந்தத் தறிக்கூடத்தில் அவர் தொடங்கி முடிக்கிற காரியம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதையும் அப்பா கண்ணெதிரில் முடிக்க வேண்டும் என்று. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் எனக்கு அந்தத் தபால் வேலையே இருந்திருக்காதே.

"பெத்தவங்களே தின்னுட்டாங்களாமா?" என்று மாமனார் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஆமா மாமா."

அவர் வெகுநேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வீசாமல் இருந்தார்.

புரட்டாசி பிறந்தபின் இரண்டாவது ஈடு வந்தது. இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. தொட்டிக்கு முன்னால் பழைய புடவைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார். நானும் தாண்டிப் போகும்போது கால் ஓசை படாமல் போனேன். ஒரு காலை, கொட்டாங்கச்சி வாசலிலிருந்து முதலில் அவள் வந்தாள். அவளுக்குக் கீழே மணல் நகர்ந்தது. நன்றாகப் பார்த்தால் மணல் இல்லை, குஞ்சுகள். கடுகைவிடச் சின்னக் கண்கள் ஒவ்வொன்றுக்கும். அவள் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினால் எல்லாம் அப்படியே அடியில் படுத்துக்கொள்ளும். கிளம்பினால் ஒரு சின்ன மேகம் மாதிரி கூடவே போகும்.

குஞ்சுகளுக்கு வேக வைத்த முட்டையின் மஞ்சள் கரு கொடுக்க வேண்டும். துணியில் முடிந்து தண்ணீரில் பிழிந்தால் பொடிப்பொடியாகப் பரவும். ஆனால் புரட்டாசி மாதம் எங்கள் அடுக்களையில் முட்டை நுழையாது. எதிர்வீட்டில் ஜரிகை வியாபாரம் செய்கிற பாய் வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். "புள்ளைங்களுக்கா? குடுத்தனுப்புறேன் போம்மா" என்றார். தினமும் கொல்லைப்புறமாக ஒரு கிண்ணம் வரும், மேலே தட்டு போட்டு மூடி. மாமனார் அந்த நேரம் பார்த்துப் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். அவர் மூக்குக்கு முட்டை வாசனை தெரியாதென்று நான் நம்ப வேண்டும். நம்பினேன்.

ஒரு நாள் பகலில், "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். தறியை விட்டு எழுந்து தொட்டி முன்னால் குந்தியிருந்தார். திரையை ஒரு விரலால் ஒதுக்கியிருந்தார். "அந்தக் குஞ்சு கூட்டத்த வுட்டுத் தனியா அந்தக் கோடிக்குப் பூட்ச்சி. இந்த அப்பன்காரன் இன்னா பண்றான் பாரு."

ஆண் மீன் போய் அந்த ஒற்றைக் குஞ்சை வாயில் கவ்வியது. முதல் ஈடு போனது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அது தின்னவில்லை. கவ்விக்கொண்டு திரும்பி வந்து, கூட்டத்தின் நடுவில் மெதுவாகத் துப்பிவிட்டது.

"கவ்விக்கினு வந்து வுட்டுட்டான் பாத்தியா" என்றார் மாமனார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். சில நேரம் பக்கத்தில் நிற்கக் கூடாது.

இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் நல்லபடியாகப் போய், ஆயுத பூஜை வந்தது.

தறித் தெருவில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால்தான் நடந்தது புரியும். அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. நாடா, ராட்டை, கத்தரி எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மணையில் அடுக்குவார்கள். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் காலை மறுபூஜை முடித்துத்தான் எடுக்கலாம். அதற்குமுன் தொட்டால் அபசாரம். வருஷம் முழுவதும் ஓயாத சத்தம் அன்று ஒரு நாள் முழுசாக நிற்கும். அந்த அமைதி காதை அடைக்கும். என் அரிவாள்மணையைக்கூட மாமனாரே கேட்டு வாங்கிப் பொட்டு வைப்பார். வீட்டில் யார் எதைக் கொண்டு பிழைக்கிறார்களோ அது மணையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் நான் வந்த நாளிலிருந்து அந்த மணையில் என் வீட்டுக்காரருடையது என்று ஒரு பொருளும் இருந்ததில்லை. ஒரு பேனாவைக்கூட மாமனார் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரும் கொடுத்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் கற்பூரம் காட்டும்போது இவர் கண் ஒரு தடவை அந்த மணையைச் சுற்றிவிட்டு வரும். அதை நான் பார்ப்பேன்.

அன்று காலையில் என் வீட்டுக்காரர் குஞ்சுகளுக்கு முட்டை பிழிந்துவிட்டார். விசேஷ நாளாயிற்றே என்று எதிர்வீட்டு அக்கா தாராளமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். இவரும் தாராளமாகப் பிழிந்தார். பிறகு வாழைக்கன்று, பொரி கடலை, பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். நான் அடுப்படியில் சுண்டலும் வடையுமாக இருந்தேன். மாமனார் கூடத்தில் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு தறிச் சத்தம் இல்லை. அந்த அமைதியோடு அமைதியாக இன்னொரு சத்தமும் நின்றுபோனது எனக்கு உறைக்கவில்லை. எல்லாச் சத்தமும் நின்றுபோகிற அந்த ஒரு நாளில் எப்படி உறைக்கும்?

என் வீட்டுக்காரர் வந்து சேரும்போது ராகுகாலம் தொடங்க இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கைகால் கழுவியதும் பூஜை. மாமனார் மணியடித்துக் கற்பூரத்தை ஏற்றி மணைக்கு நேரே சுற்றினார். அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தோம். நாடாக்களுக்குப் பக்கத்தில், சரிக்குச் சரியாக, அந்தக் காற்று மோட்டார். ஒயரை அழகாகச் சுற்றிக் கட்டி, தூசு தும்பு இல்லாமல் துடைத்து, நெற்றி மாதிரி இருந்த பக்கத்தில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ.

அவன் தறி.

என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். கற்பூரத்தட்டை மாமனார் நீட்டினார். எனக்கு நீட்டிவிட்டு அவருக்கும் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நீட்டினார். இவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணை விட்டுக் கையை எடுக்க நேரமாயிற்று.

சாப்பாடு முடிந்து மாமனார் பாயில் சாய்ந்தார். அவர் எதிரில் போக மனம் வராமல் அதுவரை காத்திருந்த நாங்கள் தொட்டிக்கு ஓடினோம். தண்ணீர் பாலாய்க் கலங்கியிருந்தது. காலையில் பிழிந்த முட்டை, அசையாத தண்ணீர், போதாததற்குப் புழுக்கம். ஆப்பிரிக்காக்காரி மேலே வந்து நின்று வாயைப் பிளந்து பிளந்து மூடினாள். அரக்கு வெளுத்திருந்தது. ஆண் அவளுக்குப் பக்கத்தில். குஞ்சுக் கூட்டம் கலைந்து, பாதி மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. சில அடியில் அசையாமல் கிடந்தன.

என் வீட்டுக்காரர் ஒரு டம்ளரை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரே தூக்கி, மெல்லிய தாரையாக மறுபடி தொட்டியிலேயே விட்டார். காபி ஆற்றுவதுபோல. தண்ணீரில் காற்று கலக்குமாம். மொண்டார், விட்டார், மொண்டார், விட்டார். அவர் கை ஓய்ந்தபோது நான் வாங்கிக்கொண்டேன். ஒருவர் நிறுத்தி இன்னொருவர் எடுக்கிற இடைவெளியில்கூட அவள் மூச்சு வாங்குவது தெரிந்தது.

"இது ஆவுற கதையா?" என்றேன். "மாமாவ எழுப்பிச் சொல்லிட்றேன். மோட்டார எடுத்துக் குடுத்துடுவாரு."

"வாணாம்."

"குஞ்செல்லாம் செத்துடும்."

"சாவட்டும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி மொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "எத்தினி வருஷம் கழிச்சி எனக்குன்னு ஒண்ண அங்க வெச்சிக்கீறாரு. அத எடுன்னு நான் சொல்லுவேனா? வெச்சதாலதான் செத்துதுன்னு அவருக்குத் தெரியணுமா?"

"நான் சொல்றேன். நான்தான் தபால்காரியாச்சே."

"இந்த ஒரு தபால மட்டும் குடுக்காத" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்த்தையை அடைகாத்து அடைகாத்து இந்தப் பச்சைக் குஞ்சுகளைக் கொல்கிறீர்களே என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அவர் சொன்னதும் புரிந்தது. அந்தக் கிழவர் காலையில் அந்த மோட்டாரை எத்தனை கவனமாகத் துடைத்திருப்பார். ஒயரைச் சுற்றிக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தாலே தெரியும், அது பட்டு இழைக்குப் போடுகிற முடிச்சு. இன்று அவர் முகம் சுண்டிப்போனால் இனி எந்த ஜன்மத்திலும் கை நீட்ட மாட்டார். டம்ளரை வாங்கி நானும் ஊற்றினேன்.

பின்னால் இருமல் கேட்டது. மாமனார் எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து நின்றார் என்று தெரியவில்லை.

"இன்னாமா பண்றான் அவன்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வீட்டில் முதல் தடவையாக நான் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். தாரை விழுகிற சத்தம் மட்டும் கூடத்தில்.

மாமனார் கிட்டே வந்து குனிந்தார். மேலே வாயைப் பிளந்து நின்றவளைப் பார்த்தார். அடியில் கிடந்தவற்றைப் பார்த்தார். தண்ணீருக்குள் குமிழி இல்லாமல் சும்மா தொங்கிய ரப்பர் குழாயைப் பார்த்தார். அந்தக் குழாயின் வழியே அவர் கண் மெல்ல மேலே ஏறி, தொட்டி விளிம்பைத் தாண்டி, மணைக்குப் போயிற்று. அவர் திரும்பி நடந்தார்.

படத்துக்கு முன்னால் போய் நின்று கை கூப்பினார். "தப்பா எடுத்துக்காத தாயே" என்றார், பக்கத்தில் இருக்கிற மனுஷியிடம் சொல்வதுபோல. பிறகு மறுபூஜைக்கு முன்னால் ஒரு துரும்பைக்கூட அசைக்க விடாத அந்த மனிதர், குனிந்து, நாடாக்களுக்கு நடுவிலிருந்து மோட்டாரை எடுத்தார். சாமந்திப் பூ விழுந்தது. அதை எடுத்துப் படத்துக்கு வைத்தார். சுற்றிய ஒயரைப் பிரித்துக்கொண்டே வந்து பிளக்கில் செருகினார். குழாயின் மறுமுனை என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. மோட்டாரை மாமனார் பிடித்துக்கொள்ள, இவர் குழாயை மாட்டினார். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், நடுவில் தொட்டி.

ரீங்காரம் எழுந்தது. தெருவில் எந்தத் தறியும் ஓடாத அந்த நாளில், பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. குமிழி கிளம்பியது. பானையில் மிச்சமிருந்த மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக நான் ஊற்றினேன். மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து ஆப்பிரிக்காக்காரி வாயை மூடினாள். உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கொட்டாங்கச்சியைப் பார்த்து மெல்ல இறங்கினாள். மேலே ஒட்டியிருந்த குஞ்சுகளில் கொஞ்சம் அவள் பின்னால் இறங்கின. மேகம் முன்னைவிடச் சின்னதாகிவிட்டது, ஆனால் மேகம்தான்.

"பொழச்சிக்குமா?" என்று மாமனார் கேட்டார்.

"பொழச்சிக்கும் மாமா" என்றேன் நான், பழக்க தோஷத்தில்.

அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன்ன கேக்கலமா" என்றார். "அவனக் கேட்டேன்."

என் வீட்டுக்காரர் அப்பா பக்கம் திரும்பினார். "பொழச்சிக்கும்பா" என்றார்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை.